துணைக்குப் போனவளின் கூலி

(ராமநாதபுரத்தில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

கவிதை வாசிக்கச் சொல்லித்தான் என்னை இங்கே கூப்பிட்டார்கள். நான் கவிதை எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு கணக்கு கொண்டுவந்திருக்கிறேன். பகலில் வங்கியில் கணக்கு எழுதுகிறவன், ராத்திரியில் கவிதை எழுதுகிறவன் நான். இன்றைக்குப் பகல் வேலையைப் பற்றிப் பேசுகிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

நான் உட்கார்ந்திருப்பது நகைக்கடன் கவுண்டரில். இந்தக் கடற்கரையில் எந்த மாதம் எந்த நகை வரும் என்று எனக்குத் தெரியும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். அப்போது சங்கிலி வரும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது மோதிரம் வரும். படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன வாரம் என்றால் தாலியில் கோத்த காசு வரைக்கும் வரும். இதெல்லாம் பழைய கதை. கொஞ்ச வருசமாக இன்னொரு காரணத்துக்கும் நகை வருகிறது. பிள்ளை மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கும்.

போன வருசம் ஒரு அம்மா வந்தார். சேரிப் பெண். கரிமூட்டம் போடுகிற இடத்தில் கூலி வேலை. ஒரு ஜோடித் தோடு, அவ்வளவுதான். மகன் கபடி ஆடுகிறான். வெளியூரில் மூன்று நாள் போட்டி. பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, பூட்ஸ், முதுகில் நம்பர் போட்ட பனியன். விண்ணப்பத்தில் கடன் எதற்காக என்று ஒரு கட்டம் உண்டு. "என்னன்னும்மா போடட்டும்?" என்று கேட்டேன். அந்தம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது: "வெளாட்டுக்குன்னு போட்டா குடுக்க மாட்டீகளோ?"

நான் "குடும்பச் செலவு" என்று எழுதினேன். பழக்கம். எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவோம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போதுதான் அது உறுத்தியது. இந்தத் தேசத்தில் பிள்ளைகளின் விளையாட்டுக்கு யார் செலவு செய்கிறார்கள் என்று நாளைக்கு ஒருவன் ஆராய்ச்சி பண்ண வந்தால், அந்தம்மாவின் தோடு அவன் கண்ணில் படாது. அது குடும்பச் செலவாகிப் போய்விட்டது. அதை மறைத்தவன் நான்.

*

இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்க ஆத்தா பாசி எடுக்கிறவள். பாம்பனுக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பு. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று வகை வகையாகப் பாசி உண்டு. விரலில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பு மாட்டி, கண்ணாடி போட்டு முங்குவார்கள். இடுப்பில் சாக்குப் பை. பாறையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்து ஒரு மூச்சு, மறுபடி முங்கு. மணிக்கணக்கில் இப்படியே. நாங்கள் கடையர். கடற்கரைக் கடையர் பட்டியல் சாதியில் இருக்கிறோம் என்பதே இந்த மாவட்டத்தில் பல பேருக்குத் தெரியாது. 2021ல் தேவேந்திரகுல வேளாளர் என்று ஏழு பெயர்களை ஒன்றாக்கிச் சட்டம் வந்தபோதும், ராமநாதபுரம் உள்ளிட்ட சில மாவட்டங்களின் கடற்கரைக் கடையரைத் தனியாகத்தான் விட்டார்கள். எங்களுக்குள் என்ன பேர், யாருக்கு என்ன பேர் என்பதெல்லாம் வேறு விவாதம். இன்றைக்கு அது வேண்டாம்.

2003ல் நான் ஒன்பதாம் வகுப்பு. 1500 மீட்டர் ஓடுவேன். கடல் மணலில் ஓடி ஓடிக் கால் இறுகியிருந்தது. குறுவட்டம் ஜெயித்தேன், மாவட்டம் ஜெயித்தேன். சென்னைக்குப் போகவேண்டும். பி.டி. வாத்தியார் நல்ல மனுசர். தன் கைக்காசைப் போட்டுத்தான் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் எல்லோருக்கும் அவரால் முடியுமா? "ஒங்க வீட்ல யாராவது தொணைக்கு வரட்டும்டா" என்றார். அய்யா கடலுக்குப் போயிருந்தார். ஆத்தா வந்தது.

அதற்காக ஆத்தா தோட்டை அடகுக் கடையில் வைத்தது. எனக்கு முள்ளு வைத்த ஷூ. நான் மாநிலத்தில் ஏழாவதாக வந்தேன். ஏழாவதாக வந்தவனுக்கு ஒன்றும் கிடையாது. தோடு திரும்பவில்லை. நம்ம ஊரில் இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது, உங்களுக்கெல்லாம் தெரியும். நகை 'முங்கிப்போச்சு' என்போம். ரொம்ப நாள் ஆத்தா காது ஓட்டையில் விளக்குமாற்று ஈர்க்குச்சிதான் இருந்தது. யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லும்: "கடல்ல முங்குன நான் தெனம் மேல வந்துர்றேன். கடையில முங்குன தோடுதான் வர மாட்டேங்குது."

தோட்டுக் கணக்கு எனக்கு அப்போதே தெரியும். இன்னொரு கணக்கு ரொம்ப வருசம் கழித்து, வங்கியில் உட்கார்ந்த பிறகுதான் புத்தியில் பட்டது. ஆத்தா என்னோடு சென்னைக்கு வந்தது நாலு நாள். அந்த நாலு நாளும் தண்ணீர் தெளிந்து கிடந்த நாட்கள். பாசிக்காரிக்குத் தண்ணீர் தெளிந்த நாள்தான் கூலி நாள். அந்த நாலு நாள் கூலியை யாரும் எழுதவில்லை, ஆத்தாவும் சொல்லவில்லை. தோடு போனதாவது கண்ணுக்குத் தெரிந்தது. துணைக்கு வந்தவளின் கூலி போனது கண்ணுக்கே தெரியவில்லை.

*

இனி கடலுக்கு வருகிறேன். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர். இந்தக் கடலை நீந்திக் கடந்தவர்களின் வரலாறு ஒன்று இருக்கிறது. 1954ல் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்தார். 1966ல் மிகிர் சென் கடந்தார். 1971ல் வல்வெட்டித்துறை ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்து திரும்பவும் நீந்திப் போனார். 1994ல் சென்னையிலிருந்து வந்த குற்றாலீஸ்வரன், 12 வயதுப் பையன், இந்தக் கடலைக் கடந்தான். அதே வருசம் ஆங்கிலக் கால்வாய் உள்ளிட்ட வேறு கடல்களையும் கடந்து, ஒரே ஆண்டில் ஆறு என்று மிகிர் சென் சாதனையை முறியடித்தான். அர்ஜுனா விருது கொடுத்தார்கள். பிறகு என்ன ஆயிற்று? கொஞ்ச வருசத்தில் நீச்சலை விட்டுவிட்டு இன்ஜினியரிங் படிக்கப் போய்விட்டார். செலவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உலகச் சாதனை பண்ணின நகரத்துப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், மற்றதை யோசித்துக்கொள்ளுங்கள்.

2019ல் தேனியிலிருந்து 10 வயதுப் பையன் ஒருவன் கடந்தான். 2022 மார்ச்சில் மும்பையிலிருந்து வந்த ஜியா ராய் என்ற 13 வயதுப் பெண், ஆட்டிசம் உள்ள பிள்ளை, 13 மணி நேரத்தில் தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைக்கு வந்து சேர்ந்தாள். நம் கடற்கரையே கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தண்ணீரில் கிடந்து குளிரில் நடுங்கியது அவர்கள் உடம்புதான்.

நான் கேட்பது வேறு. அந்த 30 கிலோமீட்டரை நீந்த என்னென்ன வேண்டும்? ரெண்டு நாட்டு அனுமதி வேண்டும். அதற்குக் காகிதம் எழுதத் தெரிந்த, டெல்லி வரை ஆளைத் தெரிந்த ஒரு அப்பா வேண்டும். வாடகைப் படகு வேண்டும், டீசல் வேண்டும், டாக்டர் வேண்டும், பார்வையாளர் வேண்டும், அதற்கு முன்னால் பல வருசம் குளத்துக்குக் கட்டணம், கோச்சுக்குச் சம்பளம், முட்டையும் பாலும் வேண்டும். வேலைக்கு லீவு போட்டால் சம்பளம் பிடிக்காத பெற்றோர் வேண்டும். பிள்ளை கையால் நீந்துகிறது, குடும்பம் காசால் நீந்துகிறது. ரெண்டும் சேர்ந்தால்தான் கரை.

எங்க மாமா ஒருத்தர் இப்படிப்பட்ட ஒரு நீச்சலுக்குத் துணைப் படகில் போனார். நடுக் கடலில் நீவாடு இழுத்தபோது, பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று மாமாவும் தண்ணீரில் குதித்துப் பக்கத்திலேயே நீந்தியிருக்கிறார். எவ்வளவு தூரம் மாமா என்று கேட்டேன். "அதையெல்லாம் யாருடா அளந்தா, எனக்கு நாள் கூலி" என்றார். கரையில் மாலை, மேளம், பத்திரிகை. மாமா நங்கூரம் போட்டுக்கொண்டிருந்தார். அளக்கிறவன் இருந்தால் சாதனை. அளக்க ஆள் இல்லை என்றால் அது பிழைப்பு.

எங்கள் பெண்கள் முங்குவதை யாரும் அளக்கவில்லை. அவர்களை அளந்ததெல்லாம் வனத்துறைதான். 1986ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்வாழ் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுத்த இடம் அத்துமீறல் ஆயிற்று. பெண்கள் தாங்களே கூடிப் பேசி, மாசத்தில் 12 நாள்தான் எடுப்போம், பாறையைச் சுரண்ட மாட்டோம், கையால்தான் பிய்ப்போம் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களுக்குத் தலைவியாக நின்ற சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015ல் அமெரிக்காவின் சீக்காலஜி விருது கிடைத்தது. கடலைக் காப்பாற்றியதற்காக விருது. சந்தோசம். ஆனால் அவ்வளவு நேரம் மூச்சடக்கி முங்குகிற பெண்களின் பிள்ளைகளைக் கூப்பிட்டு, வாடா, உனக்கு நீச்சல் பயிற்சி தருகிறோம் என்று எந்த நீச்சல் சங்கமாவது இந்தக் கரைக்கு வந்து ஒரு நாள் நின்றதை என் வாழ்நாளில் நான் பார்க்கவில்லை. ஒரே கடல். ஒருத்தருக்கு அது பந்தயத் தடம். எங்களுக்கு அது வழக்கு.

*

இது இன்றைக்கு நேற்று நடப்பதல்ல. பல்வாங்கர் பாலுவைப் பற்றி மாணவர்கள் படித்திருப்பீர்கள். செருப்புத் தைக்கிற சாதி என்று ஒதுக்கப்பட்டவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் மைதானத்தைச் சீர்செய்யும் மாசச் சம்பளக்காரர். வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் மட்டை பிடித்துப் பழக அவர் மணிக்கணக்கில் பந்து போட்டார். பந்து போடலாம், மட்டை அவர் கைக்கு வராது. பிறகு இந்து அணியில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் விக்கெட் எடுத்துக் கொடுத்தார். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில். 1911ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறுக்கும் மேல் விக்கெட் எடுத்தார். அவர் தம்பிகளும் ஆடினார்கள். தம்பி விட்டல் 1923ல் இந்து அணிக்குத் தலைவரானார். அது வருகிற வரை ஒரு குடும்பமே போராடவேண்டியிருந்தது.

பாலு காலத்தில் மண் குவளை. இப்போது அதே வேலையைச் செய்கிற ஒரு வார்த்தை இருக்கிறது. 'தியாகம்'.

பதக்கம் வாங்கிய நம் பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகை எழுதுவதைப் பாருங்கள். புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். தலித் பெண். அப்பா அம்மா செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். 2006ல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். தமிழக அரசு 15 லட்சம் கொடுத்தது. அவர் அந்தப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். 2012ல் அவரே சூளையில் கூலிக்கு நின்றார். 2016ல்தான் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. 

திருச்சிக்குப் பக்கத்து முடிகண்டம் கோமதி மாரிமுத்து 2019ல் தோகாவில் ஆசியத் தடகளத்தில் 800 மீட்டர் தங்கம் வாங்கினார். எனக்குச் சாப்பாடு வேண்டும் என்பதற்காக என் அப்பா மாட்டுக்கு வைத்ததைத் தின்றார் என்று ஜெயித்த பிறகு அழுதுகொண்டே சொன்னார். நாடே உருகியது. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, 2020ல் நான்கு ஆண்டுத் தடை போட்டுப் பதக்கத்தைத் திரும்ப எடுத்தபோது அந்த உருக்கம் காணாமல் போனது. மதுரை சக்கிமங்கலம் ரேவதி வெறுங்காலோடு ஓட ஆரம்பித்தவர். அப்பா அம்மா இல்லை. கூலி வேலை பார்த்த பாட்டி வளர்த்து அனுப்பி 2021ல் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். பேத்தியை எதற்கு ஓட அனுப்புகிறாய் என்று உறவுக்காரர்களிடம் பேச்சு வாங்கியதும் அந்தப் பாட்டிதான். 

சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கிய அணியில் ஆடினார். கண்ணகி நகர் என்றால் என்ன? சென்னையின் கரையோரங்களிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட குடும்பங்களின் நகர். அரசு 25 லட்சம் கொடுத்தது.

கொடுக்கட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு விசயத்தைக் கவனியுங்கள் தோழர்களே. 15 லட்சமும் 25 லட்சமும் எப்போது வருகிறது? ஜெயித்த மறுநாள். தோடு எப்போது போகிறது? ஜெயிக்கிறதுக்கு நாலு வருசத்துக்கு முந்தி. பரிசு பின்னால் வருகிறது, செலவு முன்னால் போகிறது. நடுவில் இருக்கிற அந்த நாலு வருசத்தை யார் தாங்குவது? தாங்குகிறவர்கள் தாங்கிவிட்டால் அதற்குத் தியாகம் என்று பேர். தாங்க முடியாமல் பிள்ளையை நிறுத்தினால் அதற்கு விழிப்புணர்வு இல்லாத பெற்றோர் என்று பேர். ஜெயித்த ஒரு பிள்ளைக்குப் பின்னால் ஏழாவதாக வந்த பிள்ளைகள் எத்தனை? அந்த வீடுகளிலும் தோடு போயிருக்கும். அந்தத் தியாகத்தை எழுத எந்த நிருபரும் வரமாட்டார்.

மாநில அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொன்னால் அது பொய். 1992லிருந்து விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இருக்கிறது, விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. 2023ல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை வந்தது. ஒன்றிய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வான பிள்ளைக்கு மாசம் 10,000 ரூபாய் கைச்செலவுக்குக் கிடைக்கிறது. எல்லாம் மேல் படியில் நிற்கிறவர்களுக்கு. அந்தப் படி வரைக்கும் ஏறுகிற படிக்கட்டுத்தான் தோட்டில் கட்டியிருக்கிறது.

மேல்தட்டுக்கும் செலவு உண்டு, இல்லை என்று யார் சொன்னது? 2024ல் 18 வயதில் உலகச் சதுரங்க சாம்பியன் ஆன குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போகத் தன் மருத்துவத் தொழிலையே நிறுத்திவைத்தார். நண்பர்கள் உதவினார்கள். ஒரு டாக்டர் வீட்டுக்கே அவ்வளவு பாரம். ஆனால் டாக்டர் தொழிலை நிறுத்தினாலும் அடுப்பு எரியும். பாசிக்காரி ஒரு நாள் நிறுத்தினால் அன்றைக்கு ராத்திரி அடுப்பில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

*

அப்படியானால் நம் பிள்ளைகள் விளையாட வேண்டாமா என்று கேட்பீர்கள். அதற்கு நேர்மாறாகச் சொல்ல வந்திருக்கிறேன். அரசு வேலையில் 3 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு. கல்லூரி இடத்தில் ஒதுக்கீடு. போலீஸ், ரயில்வே, வங்கி எல்லாவற்றிலும் விளையாட்டுக்காரர்களுக்கு வழி உண்டு. அந்த வழிக்கு டிக்கெட் என்ன? சான்றிதழ். சான்றிதழ் எங்கே கிடைக்கும்? வெளியூர்ப் போட்டியில். வெளியூருக்குப் போக எது வேண்டும்? காசு. நம் பிள்ளைகளின் காலில் வேகம் இருந்தும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். படிப்பில் நம்மைத் தடுத்த கதவை அண்ணல் அம்பேத்கர் சட்டத்தால் உடைத்தார். மைதானத்துக் கதவு பூட்டாமல் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் உள்ளே போகக் கட்டணம்.

இன்னொன்று, மானம். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய கபடி அணியில் ஆடினார். அடுத்த வருசம் அர்ஜுனா விருது. சாதி மோதலில் தெற்குச் சீமை பற்றி எரிந்த வருசங்கள் அவை. அவர் வாழ்க்கையை வைத்துத்தான் மாரி செல்வராஜ் 2025ல் 'பைசன்' படம் எடுத்தார். கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற ஒரு உடம்பை யாராலும் தெருவுக்கு வெளியே நிறுத்த முடியாது என்று நம் பையன்களுக்குத் தெரிய அது ஒரு காரணமாயிற்று. ஜெயித்தாலும் விடமாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 2021ல் டோக்கியோவில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்ற நாளில், ஹரித்வாருக்குப் பக்கத்தில் வந்தனா கட்டாரியா வீட்டு வாசலில் ஆதிக்க சாதிக்காரர்கள் வெடி வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகம், அதனால்தான் தோற்றோம் என்று கத்தினார்கள். அந்தப் பெண் அதே ஆண்டு மே மாதம் அப்பா இறந்ததற்குக்கூடப் பயிற்சியை விட்டு வர முடியாமல் இருந்தவர். இதுவும் செலவுதான். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆகவே விளையாட்டை விட முடியாது. பில்லை யார் கட்டுவது என்பதைத்தான் மாற்றவேண்டும்.

*

இப்போது என் வீட்டுக் கணக்கு. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் மகளுக்கு 10 வயது. நன்றாக நீந்துவாள். அப்பத்தா ரத்தம். மதுரையில் போட்டிக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு குளத்தில் சேர்த்தோம். சனி ஞாயிறு விடியக்காலையில் கிளம்பவேண்டும். போக வர 200 கிலோமீட்டருக்கு மேல். கட்டணம், பஸ், சாப்பாடு, நீச்சல் உடுப்பு, தொப்பி, கண்ணாடி. கண்ணாடி விலையைக் கேட்டுவிட்டு ஆத்தா சொன்னது: "அம்புட்டு ரூவாயா? அதப் போட்டா மீனு என்ன, பேசுமா?" சிரித்தோம். சென்னை வேளச்சேரி நீச்சல் குளத்தில் ஒரு போட்டி வந்தது. என் சம்பளம் வீட்டுக் கடனுக்கும் தங்கச்சி கல்யாணக் கடனுக்கும் போய்விடுகிறது. என் மனைவி அவள் செயினை வைத்தாள். என் கவுண்டரிலேயே. விண்ணப்பத்தில் நானே எழுதினேன், குடும்பச் செலவு என்று.

போட்டிக்கு முந்தின ராத்திரி லாட்ஜில் பிள்ளை தூங்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, நான் தோத்துட்டா அம்மா செயினு முங்கிப் போயிருமா?"

தோழர்களே, எனக்குப் பதில் வரவில்லை. 22 வருசத்துக்கு முந்தி சென்னைக்குப் போகிற ரயிலில் நான் ஆத்தாவிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி அது. ஒரு 10 வயதுப் பிள்ளை தண்ணீரில் குதிக்கும்போது அம்மா கழுத்துச் செயினையும் சேர்த்துச் சுமந்துகொண்டு குதிக்கிறாள். அப்புறம் எப்படி அவள் மிதப்பாள்? ஒடுக்கப்பட்டவன் வீட்டில் பிள்ளையின் விளையாட்டு விளையாட்டாக இருப்பதில்லை. அது குடும்பத்தின் கடைசி முதலீடாகிவிடுகிறது. தோற்கிற உரிமை நம் பிள்ளைகளுக்கு இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளை தோற்றால் அடுத்த வாரம் இன்னொரு போட்டி. நம் பிள்ளை தோற்றால் ஒரு நகை.

திரும்பி வந்ததும் நிறுத்திவிடலாம் என்றேன். மனைவி விடவில்லை. "செயின வச்சது நானு. நீங்க யாரு எனக்காக நிறுத்துறதுக்கு? ஒங்க ஆத்தா ஒங்கள நிறுத்துச்சா?" என்றாள். நான் நல்லவன் ஆவதற்காகப் பிள்ளையின் நீச்சலையும் அவள் விருப்பத்தையும் சேர்த்து முடிக்கப் பார்த்தேன் என்று பிறகுதான் புரிந்தது. இன்னும் அந்த வாக்குவாதம் முடியவில்லை. பிள்ளை நீந்திக்கொண்டிருக்கிறாள். செயின் கணக்கு அப்பா அம்மாவுடையது, உன்னுடையது இல்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறோம். நம்பினாளா என்று தெரியவில்லை. நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு குமாஸ்தா வீட்டிலேயே இவ்வளவு என்றால், அந்தத் தோட்டுக்கார அம்மா வீட்டில் என்ன நடந்திருக்கும்?

*

முடிக்கிறேன். புலம்பிவிட்டுப் போவதற்கு இந்த அரங்கம் இல்லை. நாம் கேட்க வேண்டியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, குறுவட்டத்திலிருந்து மாநிலம் வரை, அரசுப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிப் பிள்ளைகளின் பயணமும் சாப்பாடும் கிளம்புவதற்கு முன்னால் கையில் கிடைக்கவேண்டும். ரசீது வைத்துப் பிறகு வாங்கிக்கொள் என்பது ஏற்கெனவே காசு உள்ளவனுக்குச் சொல்கிற நியாயம். பி.டி. வாத்தியாரின் கைக்காசில் அரசாங்கம் போட்டி நடத்தக் கூடாது.

ரெண்டாவது, துணைக்குப் போகிறவரின் கூலி. பெண் பிள்ளை என்றால் தாயோ பாட்டியோ போகத்தான் செய்வார்கள். அந்த நாட்களுக்கு நாள் கூலி கொடுக்கவேண்டும். இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பயணம் போகிற அதிகாரிக்குப் பயணப்படி இருக்கிறது. பாசிக்காரிக்கு ஏன் இருக்கக் கூடாது?

மூன்றாவது, 2024ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. நம் பேரில் ஒதுக்குகிற பணம் நமக்கே வந்து சேரவேண்டும் என்பதற்கான சட்டம். அந்தப் பணத்தில் நம் பிள்ளைகளின் விளையாட்டுக்கு இந்த மாவட்டத்தில் எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். மாணவர்கள் இதைச் செய்யலாம். ஒரு மனு, பத்து ரூபாய்.

நான்காவது, இந்தக் கடற்கரையில் நீச்சல் சொல்லிக்கொடுக்க எங்கள் பெண்களையும் முத்துக்கும் சங்குக்கும் முங்கிய குடும்பங்களின் ஆட்களையும் சம்பளத்துக்கு வையுங்கள். கடலைப் படித்தவர்கள் அவர்கள்.

ஐந்தாவது நமக்கு. செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவிடத்துக்கு ஒவ்வொரு ஊரிலிருந்தும் வண்டி பிடித்துப் போகிறோம். 1957ல் அவர் வெட்டப்பட்டது நம் மானத்துக்காக. அந்த வண்டிக்குப் பணம் சேர்க்கத் தெரிந்த ஊருக்கு, வருசத்துக்கு ரெண்டு பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பப் பணம் சேர்க்கவும் தெரியும். ஜெயித்து வந்தவனுக்கு பிளக்ஸ் வைக்கிற காசை, போகிறவனுக்கு முன்னாலேயே கொடுங்கள். தோற்று வந்த பிள்ளையையும் ஊர் எல்லையில் போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. என் கவுண்டருக்கு வந்தாலும் வேறு எந்தக் கவுண்டருக்குப் போனாலும், கடன் எதற்காக என்று கேட்டால் குடும்பச் செலவு என்று எழுத விடாதீர்கள். மகள் ஓட்டப் பந்தயத்துக்கு, மகன் கபடிக்கு என்று எழுதச் சொல்லுங்கள். விளையாட்டுக்கு என்று எழுதினால் கடன் கிடைக்காமல் போகாது. நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். போன மாசம் ஒரு தோடு வந்தது. "கால்பந்து" என்று எழுதினேன். அந்தத் தாய் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது. கணக்கில் ஏறாத எதையும் யாரிடமும் திருப்பிக் கேட்க முடியாது. முதலில் கணக்கில் ஏற்றுவோம்.